துட்டி வீட்டில் கருத்துப் படிவம்

அப்பா இறந்த ஐந்தாம் நாள், துக்கம் கேட்க வந்தவர்கள் கையில் கருத்துப் படிவத்தையும் பேனாவையும் கொடுத்து, "மூணாவது கேள்வி கட்டாயம், அங்கிள்" என்று சொன்னவன் நான். இதைப் பின்னால் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், அதற்குள் என்மேல் ஒரு நல்ல அபிப்பிராயத்தை உண்டாக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான்கு முறை எழுதிப் பார்த்தும் அந்த நல்ல அபிப்பிராயம் உண்டாகவில்லை. அதனால் என் முட்டாள்தனத்தை வாசலிலேயே வைத்துவிட்டேன். அதைத் தாண்டி உள்ளே வருவது உங்கள் விருப்பம்.

அப்போது ஹைதராபாத்தில் ஒரு கல்லூரியில் ஊடகப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். கடைசிப் பருவத்துக்கு ஒரு மியூசிக் வீடியோ எடுக்க வேண்டும். எடுப்பது பெரிய விஷயமில்லை, ஃபோன் வைத்திருப்பவன் எல்லாம் எடுக்கிறான். எங்கள் மேடம் வைத்த நிபந்தனைதான் பெரிது. வீடியோவின் ரஃப் கட்டை, அதாவது முதல் அரைகுறை வடிவத்தை, முதலில் சக மாணவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்திய பிறகு வெளியாட்கள் இருபது பேருக்குக் காட்ட வேண்டும். பார்த்த ஒவ்வொருவரும் படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். எந்தக் கருத்தை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அட்டவணை போட்டுக் கடைசியில் ரிப்போர்ட் தர வேண்டும். பாதி மதிப்பெண் அந்த அட்டவணைக்குத்தான். படிவம் காகிதத்தில் இருக்க வேண்டும் என்பதில் மேடம் கறார். ஆன்லைனில் விட்டால் நானே இருபது பேராக மாறி நிரப்பிவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும். முந்தைய பருவத்தில் அப்படித்தான் செய்தேன். இருபது பேரும் நான்கு நிமிட இடைவெளிக்குள் ஒரே ஃபோனிலிருந்து ஒரே மாதிரி மனம் உருகியிருந்ததில் மாட்டிக்கொண்டேன்.

பாட்டு என்னுடையது இல்லை. என்னோடு ஜோடியாகச் செய்த வகுப்புத் தோழி எழுதிப் பாடியது. அவள் செகந்திராபாத்காரி. வெள்ளைக்காரன் காலத்தில் வந்து தங்கிய தமிழ்க் குடும்பம், அதனால் அவள் தமிழில் பாதி இந்த ஊர் இந்திதான். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். குஷாய்குடாவில் இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்று, அந்தப் பக்கமே வீடும் வாங்கிவிட்டவர் அப்பா. இத்தனை வருடத்தில் அவர் பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் ஒரு சொட்டும் வற்றவில்லை.

காலையில் இந்த ஊரே வண்டிக்குக் காத்து நிற்பதைப் பற்றிய பாட்டு அது. ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கச்சிபௌலியில் கேப்புக்காக நிற்கிற பிள்ளைகள், கம்பெனிப் பேருந்துக்காக நிற்கிற வரிசை, டூவீலர்கள். இடையில் பழைய காலத்து ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல, டிஃபன் பையோடு ஒரு பெரியவர். அந்தப் பெரியவருக்கு ஆள் கிடைக்கவில்லை. வீட்டிலேயே ஒருவர் சும்மா இருக்கிறார் என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். "காத்திருக்கிறவன் கசங்கின சட்டையிலதான்ப்பா இருப்பான்" என்றேன். "நான் முப்பது வருசம் காத்திருந்திருக்கேன்ல. கசங்குனதே இல்ல" என்றார். குஷாய்குடா நிறுத்தத்தில் நிற்க வைத்து ஒன்பது டேக் எடுத்தேன். ஒன்பதிலும் கேமராவைப் பார்த்தார்.

"கேமராவப் பாக்காதீங்கப்பா."

"நான் எங்கல பாக்கேன்? அதுல்லா என்னையப் பாக்கு."

அதில் பரவாயில்லாத ஒன்றை எடுத்து, பதினோரு நொடிக்கு வெட்டி, பாட்டின் நடுவில் வைத்தேன்.

முதல் திரையிடல் கல்லூரிக் கருத்தரங்க அறையில். சமோசா உண்டு என்று சொன்னதால் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். எதை நீக்கலாம் என்பதுதான் மூன்றாவது கேள்வி. இருபத்திரண்டில் பதினான்கு படிவங்கள் அப்பாவை நீக்கச் சொல்லின. 'அங்கிள் கேமராவை முறைக்கிறார்.' 'அங்கிள் யாரிடம் பேசுகிறார்?' 'அங்கிள் நடிக்கவில்லை, சாட்சி சொல்கிறார்.' ஒருவன் மட்டும், 'அங்கிளை வைத்துக்கொண்டு பாட்டை நீக்கலாம்' என்று எழுதியிருந்தான். அவனுக்கும் என் தோழிக்கும் பழைய பகை.

அந்த வாரம் அம்மா ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். சாப்பிடும்போது அந்தப் பதினான்கு படிவங்களையும், எழுதியவன் குரலில், ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். எனக்கு அதெல்லாம் நன்றாக வரும். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாட்சி சொல்கிறார் என்பதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். சிரித்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து, "தூக்கிருல. மார்க்குதான முக்கியம்" என்றார்.

தூக்கிவிட்டேன். அட்டவணையில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், 'பார்வையாளர்களில் பெரும்பான்மையினர் கருத்து.' மேடம் அதைப் பார்த்து, இப்போதுதான் நீ மாணவன் மாதிரி நடந்துகொள்கிறாய் என்றார். கேமராவையும் மெமரி கார்டையும் அடுத்த குழுவுக்குத் தர வேண்டியிருந்தது, கார்டை ஃபார்மேட் செய்து தந்தேன். லேப்டாப்பில் இடம் பற்றவில்லை, எதையாவது அழித்தாக வேண்டும். கச்சிபௌலி மேம்பாலத்தில் சூரியன் எழுவதை நாற்பது தடவை எடுத்து வைத்திருந்தேன். நாற்பதும் ஒரே சூரியன். அவற்றை வைத்துக்கொண்டு அப்பாவின் ஒன்பது டேக்கையும் அந்த ரஃப் கட்டையும் அழித்தேன். பொதுமக்கள் தீர்ப்பு அப்படி.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு படியேறி வந்தவர் மூன்றாவது படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில் சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். அம்மா கல்யாண வீட்டிலிருந்து திரும்பி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

பல் பிடுங்கப் போனால் ஊசி போடுவார்கள் அல்லவா. பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்கும். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை அப்படி இருந்தது. கொள்ளி வைத்தபோது, இந்தப் பையன் நன்றாகச் செய்கிறான் என்று என்னைப் பற்றியே நினைத்தேன். அழுகை வரவில்லை. வரவழைக்கப் பார்த்தேன், கொட்டாவிதான் வந்தது. வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றதைப் பார்த்து ஒரு சித்தப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். கொட்டாவி என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

மேடம் ஃபோன் செய்து, தேதியைத் தள்ளிவைத்துத் தருகிறேன், அவசரமில்லை என்றார். வேண்டாம் மேடம், முடித்துவிடுகிறேன் என்றேன். தோழியும் கூப்பிட்டாள், எதுக்கு இதெல்லாம், வேண்டாம் என்று அவள் பாஷையில்.

"அரே, கைக்கு டா இப்போ? எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நக்கோ டா."

"உன் பத்துப் பேர் முடிஞ்சுதா?"

முடிந்திருந்தது. தார்நாகாவில் விஞ்ஞானிகள் குடியிருப்பில் பத்துப் பேரிடம் காட்டுவது அவள் பொறுப்பு. அவர்கள் படிவத்தின் பின்பக்கமும் எழுதியிருந்தார்கள். இருபது பேரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, மாதிரி எண்ணிக்கை போதாது என்று ஓய்வுபெற்ற ஒருவர் ஒரு பத்தி முழுக்கத் திட்டியிருந்தாராம். குஷாய்குடாவில் பத்துப் பேர் என் பொறுப்பு. ஆனால் நான் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. பதினாறாம் நாள் வரை அப்படித்தான்.

துக்கம் கேட்க வருவதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். துட்டி வீட்டில் வந்தவர்களை 'வாங்க' என்று சொல்லக் கூடாது. போகிறவர்களும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லாமல் சட்டென்று எழுந்து போய்விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் என்ன பேசுவது என்று யாரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை. வருவார்கள், உட்காருவார்கள், ஃபேனைப் பார்ப்பார்கள். "எத்தன மணிக்கு?" என்று ஒருவர் கேட்பார். சொல்வேன். "பால் வாங்கிட்டா வந்தாரு?" ஆமாம் என்பேன். மறுபடி ஃபேன். ஐந்தாம் நாள் மத்தியானத்துக்குள் நான் பால் பாக்கெட்டைப் பற்றி முப்பது தடவை சொல்லியிருப்பேன். கூடத்தில் அப்போது ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வெளியாட்கள். வீடியோவை முன்பின் பார்த்திராதவர்கள். எழுந்து போகவும் முடியாதவர்கள். இப்படி ஒரு பார்வையாளர் கூட்டம் எந்த இயக்குநருக்கும் கிடைத்திருக்காது.

லேப்டாப்பைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தேன். "நாலு நிமிசம்தான்" என்றேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் தகப்பனைப் பறிகொடுத்தவன் கேட்கும்போது மறுக்கிற ஆள் அந்தக் கூடத்தில் இல்லை. பார்த்தார்கள். படிவத்தை வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மடியில் வைத்து எழுதினார்.

அம்மா உள்ளறைக் கதவில் நின்று, "வந்தவங்கட்ட என்னல தாளு குடுக்க?" என்று கேட்டாள்.

"காலேஜுக்கும்மா."

அவள் உள்ளே போய்விட்டாள்.

படிவங்களை வாங்கிப் பார்த்தேன். எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் 'மிகவும் நன்று' என்று போட்டிருந்தார்கள். எது சலிப்பூட்டியது? 'எதுவும் இல்லை. தைரியமாக இரு.' எதை நீக்கலாம்? 'கடவுள் துணை இருப்பார்.' வேறு ஆலோசனை? 'அம்மாவைப் பார்த்துக்கொள்ளவும்.' ஒருவர் கையெழுத்துக்குக் கீழே தன் ஃபோன் நம்பரை எழுதி, எந்த நேரமானாலும் கூப்பிடு என்று சேர்த்திருந்தார். ஆராய்ச்சிக்குச் சல்லிக்காசு பிரயோஜனம் இல்லை. இந்தப் படிவங்களை அட்டவணையில் எப்படிப் போடுவது, 'கடவுள் துணை இருப்பார்' என்ற கருத்தை ஏற்றதாகக் காட்டுவதா என்று நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். மனம் அந்த அளவுக்குத்தான் வேலை செய்தது.

ஒருவர் மட்டும் எழுதவில்லை. அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர். தெலுங்குக்காரர். ஆனால் அத்தனை வருடம் கேன்டீனில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டவர், அதனால் அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் அப்பாவின் தமிழ். படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏல, இதுல உங்கப்பா எங்க?"

வாய் அவருடையது, குரல் அவருடையது, பேச்சு அப்பாவுடையது.

"பஸ் ஸ்டாப்ல நிக்கேன்னு சொன்னாருல்லா. பார்க்குல டெய்லி இதே பேச்சு. பையன் படத்துல நான் இருக்கேன், வந்தா எல்லாரும் பாக்கணும்னு."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்களிடமும் சொல்லியிருக்கிறார். தூக்கிருல என்று என்னிடம் சொன்ன பிறகும் பூங்காவில் நடக்கும்போது இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த இடத்தில் ஒரு நல்ல பிள்ளை தலையைக் குனிந்திருப்பான். என் வாயோ பழக்கதோஷத்தில் தானாகவே திறந்தது.

"அப்பாவ எடிட்டிங்ல எடுத்தாச்சு, அங்கிள். ஓட்டெடுப்புல தோத்துட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்சம் சிரித்தேன். அந்தச் சிரிப்பு கூடத்தில் அங்குமிங்கும் அலைந்து, உட்கார இடம் கிடைக்காமல் என்னிடமே திரும்பி வந்தது. அவர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முறைப்படி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

அம்மா கதவிலேயே நின்றிருந்தாள். எப்போது திரும்பி வந்தாள் என்று தெரியவில்லை.

"ஊருக்குப் போயிருந்தப்ப ஃபோன்ல சொன்னாரு, நடிச்சிருக்கேன்னு. இப்பவே காட்டுங்கன்னு கேட்டேன். படம் முழுசா வரட்டும், அப்பப் பாருன்னுட்டாரு" என்றாள். பிறகு, "எனக்கு அத ஒரு தடவ காட்டு" என்றாள்.

எங்கள் வீட்டில் அப்பா அசைகிற மாதிரி ஒரு படம்கூடக் கிடையாது. ஃபோட்டோக்கள் உண்டு, எல்லாம் விறைப்பாக நிற்பவை. ஃபோனில் வீடியோ எடுக்க வந்தால் நகர்ந்துவிடுவார். ஊடகம் படிக்கிற மகனைப் பெற்ற வீட்டின் லட்சணம் அது.

"நாளைக்குக் காட்டுதேம்மா" என்றேன்.

மறுநாள் கல்லூரியிலிருந்து ஒருவன் அந்த மெமரி கார்டைக் கொண்டுவந்து தந்தான். அதில் அடுத்த குழு ஒரு நடனம் எடுத்திருந்தது. அழித்ததை மீட்கிற மென்பொருள் ஒன்றை ஓட்டினேன். ஆறு மணி நேரம் ஓடி அது மீட்டுத் தந்தது சாம்பல் நிறக் கோடுகளும், ஒரு மூலையில் டிஃபன் பையின் கைப்பிடியும். லேப்டாப்பிலும் அதே கதை. அம்மா ஒவ்வொரு வேளையும் சாப்பாடு போடும்போது என் முகத்தைப் பார்ப்பாள். கேட்கமாட்டாள். நான் சோறு நன்றாக இருக்கிறது என்பேன். நாக்கில் உப்புகூடத் தெரியவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் தோழியைக் கூப்பிட்டேன். முதல் திரையிடலுக்கு முன் அந்த ரஃப் கட்டை அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பிய ஞாபகம்.

"ஹவ், ஆமா, இருக்கு. நான் எதையும் டெலிட் பண்றதில்ல டா. ஃபோன் ஹேங் ஆயிட்டே இருக்குல்ல, அது அதனாலதான்" என்றாள். பிறகு, "ஆனா அதுல பாட்டு மட்டும்தான் வரும். தெரியும்ல?" என்றாள்.

தெரியும். மியூசிக் வீடியோவில் எடுத்த இடத்துச் சத்தத்தை முதல் வேலையாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாட்டை ஒட்டுவோம். பஸ் ஹாரன், காற்று, பக்கத்தில் நிற்பவர் பேச்சு எல்லாம் எங்கள் கணக்கில் குப்பை. அது ஒன்பது டேக்கோடு சேர்ந்து போய்விட்டது. ஆனாலும் அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆள் இருக்கிறார் அல்லவா, அது போதும் என்று தோன்றியது.

அனுப்பினாள். வாட்ஸப் கசக்கிப் பிழிந்த படம், அப்பாவின் முகம் சோப்பு கரைந்த மாதிரி இருந்தது. நான் சும்மா இருப்பேனா. அந்தப் பதினோரு நொடியை வெட்டி எடுத்து, நிறத்தைச் சரிசெய்து, முடித்த வீடியோவில் பழைய இடத்திலேயே செருகினேன். அட்டவணையையும் திருத்த வேண்டும். அப்பாவை நீக்கச் சொன்ன வரிக்கு எதிரே 'ஏற்கப்பட்டது' என்பதை அடித்துவிட்டு 'ஏற்கப்படவில்லை' என்று போட்டேன். காரணம்: 'பார்வையாளர் ஒருவர் கேட்டுக்கொண்டதால்.' தோழியிடம் வாசித்துக் காட்டினேன். மதிப்பெண் அவளுக்கும் சேர்த்துத்தானே.

"ஒருத்தரா? தார்நாகா அங்கிள் சாம்பிள் பத்தாதுன்னு சொல்வாரு" என்றாள். பிறகு, "போடு டா, பரவால்ல" என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அன்றைக்கு யாரும் வந்திருக்கவில்லை. ஸ்டூலில் லேப்டாப், பக்கத்தில் ஒரு படிவம், ஒரு பேனா. அதை ஏன் வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கை அந்த நாட்களில் தானாகச் செய்துகொண்டிருந்த காரியங்களில் அதுவும் ஒன்று.

பாட்டு தொடங்கியது. கேப்புக்கு நிற்கிற பிள்ளைகளை அம்மா விருந்தாளிகளைப் பார்ப்பது போலப் பொறுமையாகப் பார்த்தாள். மேம்பாலத்தில் சூரியன் எழுந்தது. பிறகு நிறுத்தம் வந்தது. அப்பா டிஃபன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சாலையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், வாயைத் திறந்து ஏதோ நாலைந்து வார்த்தை சொன்னார். என்னிடம்தான் சொல்லியிருக்கிறார், கேமராவுக்குப் பின்னால் நான்தானே நின்றேன். என்ன சொன்னார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அடுத்த நொடி கம்பெனிப் பேருந்து வந்துவிட்டது.

அம்மா கையை நீட்டித் திரையைத் தொட்டாள். மறுபடி போடச் சொல்கிறாள் என்று புரிந்து, அந்த இடத்துக்கு இழுத்துவிட்டேன். ஐந்தாறு தடவை இழுத்துவிட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் கொஞ்சம் முன்னால் குனிந்தாள். கடைசியில் காதை லேப்டாப்போடு ஒட்டிய மாதிரி இருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வண்ணம் சரியாக ஒட்டவில்லையே என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருக்கத் தெரியாத பிறவி என்பதால், படிவத்தை அவள் பக்கம் தள்ளி, "எப்படிம்மா இருக்கு? மூணாவது கேள்வி கட்டாயம்" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாட்ட நிறுத்துல."